படியை உடைக்காதீர்கள்: மேல்மலையில் நிலம் வாங்க நினைக்கும் பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கடந்த பொங்கலன்று எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் கீழ்த்தளத்தில் கூடிப் பொங்கல் வைத்தோம். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில், எனக்கு நன்கு தெரிந்த ஒருவர் தம் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். "கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறைன்னு ஒரு ஊரும்மா. இருபது சென்ட் பேசி முடிச்சிட்டேன். காலையில கதவைத் திறந்தா மேகம் வீட்டுக்குள்ள வரும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் படத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். அது என் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் பூண்டு போட்ட காடு. வரப்போரத்தில் நின்ற பேரிக்காய் மரத்தைக் கொண்டு அடையாளம் கண்டேன். அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் பள்ளி விடுமுறை நாட்களில் நாங்கள் பூண்டுத் தாளைக் கட்டுக்கட்டாகக் கட்டுவோம்.

அன்று அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நல்ல நாளில், நல்ல மனத்தோடு மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டவரிடம் அந்த இடத்தில் பேசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அதே ஊரைப் பற்றி, அதைத் தாண்டியுள்ள மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை பற்றி, அலுவலகத்திலும் பேருந்திலும் பலர் பேசக் கேட்டுவிட்டேன். ஆகவே அவர் ஒருவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் பூம்பாறையில் பிறந்தவள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அல்சூரில் வாழ்கிறேன். கணக்கு எழுதுவது என் பிழைப்பு. என் தாய் இன்றும் ஊரில்தான் இருக்கிறார். மலைச்சரிவில் படிக்கட்டுபோல வெட்டிய நிலத்தைத்தான் நாங்கள் படி என்போம். எங்கள் வீட்டுக்கு எஞ்சியிருக்கும் மூன்று படிகளில் பூண்டும் காரட்டும் போடுகிறார்.

கொடைக்கானலிலிருந்து மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால் சாலை ஒரு வளைவில் திரும்பும். அந்த இடத்தில் எல்லா வண்டிகளும் நிற்கும். கீழே ஒரு கிண்ணம்போலப் பள்ளம், அதன் நடுவில் நெருக்கமாகக் கட்டிய வீடுகள், வீடுகளைச் சுற்றி நாலாபுறமும் மலையின் இடுப்புவரை ஏறிப்போகும் படிகள். நீங்கள் படமெடுக்கும் அந்தக் காட்சிதான் பூம்பாறை. ஊர் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழனி மலைத்தொடரில் நாங்கள் மேல்மலைக்காரர்கள். காப்பியும் வாழையும் விளையும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்தவர்கள் கீழ்மலைக்காரர்கள். அங்கே விளையும் விருப்பாச்சி வாழைப்பழம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும். எங்கள் பக்கத்தில் உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் விளைந்தாலும், ஊரின் பெயரைச் சொல்லும் விளைச்சல் பூண்டுதான்.

நீங்கள் பார்க்கும் அந்தப் படிகள் தானாக அமைந்தவை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன். சரிவில் மண்ணைக் குடைந்து, வெட்டிய மண்ணை முன்னால் தள்ளிச் சமப்படுத்தி, அது சரியாமல் இருக்க விளிம்பில் கல்லடுக்கி, ஒவ்வொரு படியும் உட்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். மழைநீர் விளிம்பைத் தாண்டிக் கீழே பாய்ந்துவிடாமல், படியின் உள்மூலைக்குத் திரும்பி, அங்குள்ள சிறு வாய்க்காலில் சேர்ந்து, பக்கவாட்டில் இறங்கி அடுத்த படிக்குப் போகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது. மண்ணுக்குள் ஊறிய நீர் அந்த இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியேறுவதால்தான் கரை இடியாமல் நிற்கிறது. என் தாத்தா மழைக்காலம் முடிந்தவுடன் கரை முழுவதையும் நடந்து பார்ப்பார். எந்தக் கல் வயிறு தள்ளியிருக்கிறதோ அதை மட்டும் எடுத்து, பின்னால் பொடிக்கல் போட்டு, மறுபடியும் வைப்பார். ஒரு கல்லைத் தள்ளிப்போட்டால் அடுத்த மழையில் ஒரு கரையைக் கட்ட வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

மேலே சோலையிலிருந்து இறங்கும் ஓடைநீரைத் திருப்பிக் கொண்டுவரும் வாய்க்காலுக்குத் தலைமடை ஒன்று, அடிமடை ஒன்று. இடையில் உள்ள ஒவ்வொரு காட்டுக்கும் முறை உண்டு. இன்னாருக்கு இன்ன நாள், பொழுது இறங்கும்வரை என்று பேசி வைத்திருப்பார்கள். எழுதி வைத்த காகிதம் எதையும் நான் பார்த்ததில்லை. கோடையில் முறை தவறினால் பெரிய சண்டை வரும், ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பார்கள். மேல்படிக்காரர் தம் முறை முடிந்ததும் மடையை அடைத்துக் கீழே விட வேண்டும். கீழ்ப்படிக்காரர் தம் பங்குக்கு வாய்க்காலைச் செதுக்கித் தூர் வார வேண்டும். நிலம் தனித்தனிப் பட்டாவில் இருந்தாலும் நீர் ஒரே கணக்கில்தான் ஓடுகிறது. உங்கள் கைக்கு வரும் கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லைகள் இருக்கும், இந்தக் கணக்கு இருக்காது. விற்பவரும் இதைச் சொல்வதில்லை, இடையில் நிற்கும் தரகருக்கு இது தெரியவே தெரியாது.

பூண்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யஷ்வந்த்பூர் மண்டிக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் வெள்ளைப்பூண்டு பெரும்பாலும் மத்தியப் பிரதேசம் போன்ற வடமாநிலங்களிலிருந்து வருவது. எங்கள் மலைப்பூண்டு அதைப்போல வெளுத்திருக்காது. பழுப்பேறி, சில சமயம் ஊதா ஓடி, தோல் இறுகியிருக்கும். ஒரு பல்லை நசுக்கினால் அடுத்த அறைவரை காரம் ஏறும். பிள்ளை பெற்றவளுக்குப் பாலில் வேகவைத்துக் கொடுப்பதும், சளிக்கும் வாயுவுக்கும் சுட்டுக் கொடுப்பதும் இந்தப் பூண்டைத்தான். வைகாசியை ஒட்டி ஒரு போகம், ஐப்பசி கார்த்திகையை ஒட்டி ஒரு போகம் என ஆண்டுக்கு இருமுறை நடுவோம். நட்டதிலிருந்து எடுக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். குளிர் வேண்டும், ஆனால் மண்ணில் நீர் தேங்கக் கூடாது. உள்மூலைக்குச் சாய்ந்து நீரை வடித்துவிடும் அந்தப் படி இல்லாமல் இந்தப் பயிர் இல்லை.

பூண்டுக்கு விதை கிடையாது. பல்லைத்தான் நட வேண்டும். இந்தப் போகத்தில் எடுத்ததில் நல்லதைப் பொறுக்கி அடுத்த போகத்துக்கு வைத்தால்தான் உண்டு. எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே மூங்கில் கட்டி, தாளோடு சேர்த்துக் கட்டிய விதைப்பூண்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்போம். அடுப்புப் புகை படப்படத் தோல் கறுத்து இறுகும். பூச்சி அண்டாது, முளை முந்தாது. எனக்குத் திருமணமான ஆண்டு வீட்டில் பணமுடை கடுமையாக இருந்தது. வடுகபட்டிச் சந்தையில் நல்ல விலை போகிறது என்று தெரிந்தும் என் தாய் அந்த மூங்கிலில் கை வைக்கவில்லை. விதையை விற்றுவிட்டால் அதே மண்ணுக்குப் பழகிய பூண்டை மறுபடியும் எங்கே போய்த் தேடுவது என்றார். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டில்தான். அந்தக் குறியீட்டைச் சான்றிதழாக்கித் தந்தது அரசு. அதற்குரிய பூண்டைப் போகத்துக்குப் போகம் காத்துத் தந்தவர்கள் என் தாயைப் போன்ற பெண்கள். பெயர் வந்த பிறகு நிலத்தின் விலைதான் ஏறியது, பூண்டின் விலை அப்படி ஏறவில்லை என்பது எனக்கு உள்ள பெரும் வருத்தம்.

ஊர் பழையது. நடுவில் இருக்கும் குழந்தை வேலப்பர் கோயில் பழனிக் கோயிலோடு சேர்ந்தது. பழனியைப் போலவே இங்கும் மூலவர் சிலையைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எங்கள் தேருக்கு ஒரு தனி வழக்கம் உண்டு: முன்னால் மட்டுமல்லாமல் பின்னாலும் வடம் கட்டியிருப்பார்கள். தெரு ஏற்றமும் இறக்கமுமாக இருப்பதால், முன்னால் உள்ளவர்கள் இழுக்கும்போது பின்னால் உள்ளவர்கள் பிடித்து நிறுத்த வேண்டும். சிறுமியாக இருந்தபோது நான் பின்வடத்தைப் பிடிக்கும் கூட்டத்தில்தான் நிற்பேன். இறக்கத்தில் வடம் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடுவது இன்றும் நினைவில் இருக்கிறது.

கொடைக்கானல் 1845-க்குப் பிறகு அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் வெயிலுக்குப் பயந்து ஏறிவந்து உண்டாக்கிய நகரம். அதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து குன்னுவர் என்னும் உழவர் குடியினர் இந்த மலைக்கு ஏறிவந்து உழவு செய்ததாக 19-ஆம் நூற்றாண்டின் மதுரை மாவட்டக் குறிப்பு நூல்கள் கூறுகின்றன. அவர்களுக்கும் முன்பே பளியர், புலையர் என்னும் மலைவாழ் மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். மலையைக் குடைந்ததிலும் கல் சுமந்ததிலும் அவர்களுடைய உழைப்பு எவ்வளவு என்பதை எந்தப் பட்டாவும் சொல்லாது. அந்த உழைப்புக்கு உரிய நிலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இன்று படிகள் கைமாறும்போது, பூண்டு எடுக்கக் கூலிக்கு வந்த அந்தக் குடும்பங்கள்தான் முதலில் வேலையை இழக்கின்றன. விற்றவருக்குப் பணமாவது வருகிறது.

வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கம் இறங்கும் நடைபாதைதான் கீழ்நாட்டுக்கு வழி. பொதிக்குதிரையில் மூட்டை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்கிய கதையைத் தாத்தா அவருடைய தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறார். சாலை வந்து நூறாண்டு கடந்த பிறகும் காட்டிலிருந்து சாலைக்கு மூட்டையைக் கொண்டுவருவது இன்றுவரை குதிரைதான். படிகளுக்கு நடுவே வளைந்து ஏறும் அந்த ஒற்றையடிக் குதிரைப் பாதையும் எவர் பத்திரத்திலும் இல்லை.

இனி, நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யாருடைய பெயரையும் நான் குறிப்பிடப் போவதில்லை. எங்கள் காட்டுக்கு இரண்டு படி மேலே இருந்த நிலத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். தங்கும் விடுதி கட்டுவதற்காக மூன்று படிகளைப் பொக்லைன் வைத்து ஒன்றாகச் சமப்படுத்தினார். பழைய கல் கரையை எடுத்துவிட்டு, கசிவுக்கு ஓட்டை வைக்காத சிமெண்டுச் சுவர் எழுப்பினார். வண்டி நிறுத்தத் தளம் போட்டார். வாய்க்கால் அந்தத் தளத்துக்கு அடியில் போய்விட்டது. குதிரைப் பாதைக்குக் குறுக்கே கம்பிவேலி வந்தது. கேட்கப் போன என் தாயிடம் அங்கிருந்த மேற்பார்வையாளர் மரியாதையாகத்தான் பேசினார், பைப் போட்டுத் தருகிறோம் என்றார். பைப் வரவில்லை. அந்த ஐப்பசியில் இரண்டு நாள் தொடர்ந்து அடைமழை பெய்தது. உள்ளே ஊறிய நீருக்கு வெளியேற வழியில்லாததால் சுவர் அடியோடு பெயர்ந்து, மண்ணும் சிமெண்டுக் கட்டியுமாக எங்கள் மேல்படியில் வந்து விழுந்தது. நட்டுச் சில நாட்களே ஆன பூண்டு முழங்கால் உயரச் சேற்றுக்கு அடியில் போய்விட்டது.

தகவல் கேட்டு இரவுப் பேருந்தில் ஊருக்குப் போனேன். என் தாய் சேற்றுக்குள் குனிந்து கையால் துழாவிக்கொண்டிருந்தார். நட்ட பற்களை எடுக்க முடியுமா என்று தேடுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கிடைத்ததை மடியில் போட்டுக்கொண்டு வந்து, கழுவி, முற்றத்தில் சாக்கு விரித்துக் காயவைத்தார். இரண்டு கையளவுகூட இல்லை. அடுப்புக்கு மேலிருந்த மூங்கிலில் அந்த ஆண்டு மிஞ்சியிருந்ததும் கொஞ்சம்தான். அடுத்த போகத்துக்கு மன்னவனூரில் உறவினர் வீட்டில் விதைப்பூண்டு கடன் வாங்கி நட்டோம். மேல்படியில் இன்னும் முழுமையாக மண் சரியாகவில்லை. மேலிருந்து வந்தது கிண்டிப்போட்ட அடிமண், அதில் பூண்டு திரள்வதில்லை.

மலையில் மழைக்கு மண் சரிவது புதிதல்லவே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து, சாலைகள் துண்டிக்கப்பட்டு, நாங்கள் இங்கிருந்து ஊருக்குத் தொலைபேசியில்கூடப் பேச முடியாமல் தவித்தோம். அந்தப் புயலில் எங்கள் பக்கத்துக் கல் கரைகள் சில இடங்களில் வயிறு தள்ளின, சில இடங்களில் நாலைந்து கல் உருண்டது. ஒரு வாரத்தில் எடுத்து அடுக்கிவிட்டார்கள். முழுச் சுவரும் பெயர்ந்து கீழ்ப்படியைப் புதைத்ததை நான் கண்டது, மேலே மூன்று படியை ஒன்றாக்கிய பிறகுதான்.

பெங்களூரில் இருக்கும் உங்களுக்கு இதை விளங்கவைக்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த நகரத்தின் ஏரிகளும் இப்படித்தான் படிப்படியாக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் ராஜகாலுவே எனும் பெரிய கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். நாம் தினமும் பேருந்து ஏறும் மெஜஸ்டிக் நிலையம் தர்மாம்புதி ஏரியின் மேல் நிற்கிறது. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியில் எழும்பியது. கால்வாயின் மேல் வீடு கட்டினோம், ஏரியின் கரையை மனையாக்கினோம். 2022 செப்டம்பரில் சர்ஜாப்பூர் சாலையிலும் வெளிவட்டச் சாலையிலும் தண்ணீர் வந்து நின்றபோது, வேலைக்குப் போக டிராக்டரில் ஏறியவர்களில் உங்களில் சிலரும் இருந்திருப்பீர்கள். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நாம் விடும் கழிவு தென்பெண்ணையில் இறங்கி, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. அங்கே கரையோரத்தில் இருப்பவர்கள் நம் தமிழ் உழவர்கள். மேலே இருப்பவன் அடைத்தாலும் அவிழ்த்துவிட்டாலும் கீழே இருப்பவன் வீட்டில்தான் தெரியும் என்பதை இந்த நகரம் உங்களுக்கு ஏற்கனவே காட்டிவிட்டது. எங்கள் படிகளிலும் அதே கணக்குதான், அளவு சிறியது, சரிவு செங்குத்து.

நிலத்தை விற்கும் எங்கள் ஊராரைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். யாரும் ஆசைக்காக விற்கவில்லை. பூண்டு விலை ஒரு போகத்தில் தூக்கிவிடும், மறு போகத்தில் கூலிக்குக்கூடக் கட்டாது. காட்டுமாடும் காட்டுப்பன்றியும் ஒரே இரவில் ஒரு படியை மேய்ந்துவிடும். மார்கழி உறைபனி விழுந்தால் உருளைக்கிழங்குத் தழை கருகிவிடும். பிள்ளைகள் படித்துவிட்டு என்னைப்போலவே இறங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் என் தம்பியின் அறுவை சிகிச்சைக்காக ஒரு படியை விற்றிருக்கிறோம். அன்று வாங்கியவர் பக்கத்து ஊர் உழவர். அதில் இன்றும் காரட் விளைகிறது. விற்பதும் வாங்குவதும் தவறென்று நான் சொல்லவில்லை. வாங்கியபின் அந்தப் படி படியாகவே இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

சட்டமும் உங்களுக்குச் சாதகமாக இல்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதி கேட்கிறது. 1990-இல் தமிழ்நாடு அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்த பிறகு, அதன் வரம்புக்குள் வரும் மலைக்கிராமங்களில் வேளாண் நிலத்தை மனையாக்குவதும் கட்டடம் எழுப்புவதும் எளிதில் நடக்கும் காரியமல்ல. விதிமீறிக் கட்டிய ஏராளமான கட்டடங்கள் கொடைக்கானலில் நீதிமன்ற உத்தரவால் பூட்டி முத்திரையிடப்பட்டதைச் செய்தித்தாளில் நீங்களே படித்திருப்பீர்கள். நெரிசல் தாங்காமல்தான் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சுற்றுலா வண்டிகளுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தது. "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று தரகர் சொன்னால், எதைப் பார்த்துக்கொள்வார் என்று எழுத்தில் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மேல்மலையில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த நகரத்தில் மார்ச் மாதத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு ஓடைச் சத்தம் கேட்கும் ஓரிடம் வேண்டும் என்று தோன்றுவது எனக்குப் புரிகிறது. வாங்குங்கள். ஆனால் படியை உடைக்காமல் வாங்குங்கள். இதுவரை அதில் பூண்டு போட்டவருக்கே குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு பெறும் வாரத்துக்கோ விட்டுவிடுங்கள். அவருடைய விதைப்பூண்டும் அதோடு பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் முறையில் உங்கள் காட்டுக்கு உள்ள நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாய்க்கால் தூர் வாரும்போது உங்கள் பங்குக் கூலியைக் கொடுங்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டாதீர்கள். கீழே இருப்பவர்களின் ஊற்று அடங்கிவிடும் என்ற அச்சம் எங்களுக்கு இருக்கிறது. வேலி போட்டே ஆக வேண்டுமென்றால் குதிரை போகும் அகலத்துக்கு வழி விட்டுப் போடுங்கள். தங்க வேண்டுமென்றால் ஊருக்குள் வீட்டோடு அறை தருகிறவர்கள் இருக்கிறார்கள். மேகம் அவர்கள் வீட்டுக்குள்ளும் வரும்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்களுக்கு, குறிப்பாகப் பொங்கலன்று படம் காட்டிய அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பேரிக்காய் மரத்துக்குக் கீழே, கரையின் இடது கோடியில், தட்டையான ஒரு கல் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்குக் கட்டியவர்கள் சரியாக வைக்காததுபோலத் தெரியும். வேலையாட்கள் முதலில் அதைத்தான் பிடுங்குவார்கள். அது மடைக்கல். அதற்குப் பின்னால்தான் கீழே உள்ள ஏழு காடுகளுக்கு நீர் பிரிகிறது. அதை மட்டுமாவது யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணா.

வைகாசி நடவுக்கு நான் ஊருக்குப் போகிறேன். நிலம் வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் உங்கள் பத்திர நகலை எடுத்துக்கொண்டு வாருங்கள். காலையில் தலைமடையில் தொடங்கி அடிமடைவரை நானும் என் தாயும் உங்களோடு நடந்து, உங்கள் நிலத்தின் வழியாக எந்த நீர் எங்கே போகிறது என்பதைக் காட்டுகிறோம். அரைநாள் ஆகும். வழுக்காத செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
பூம்பாறையில் பிறந்து அல்சூரில் வாழும் ஒருத்தி